நாக்குக்கு அடியில் பெரிதாகிக்கொண்டே வரும் கட்டி: கீறித் திறந்துவிட்டால் போதுமா?

கயல்விழி

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 21 வயது. நாக்குக்கு அடியில் ஒரு வீக்கம் இருக்கிறது. எப்போது ஆரம்பித்தது என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. வலி இல்லாததால் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறான். இப்போது நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, வாயை மூடினால் பல்லில் இடிக்கிறது. பேச்சும் மாறிவிட்டது. போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர் இரண்டு தடவை கேட்கிறார். மல்லாந்து படுத்தால் பலமான குறட்டை. கொஞ்ச நாளாக முகவாய்க்குக் கீழேயும் இரட்டைத் தாடை வந்த மாதிரி தெரிகிறது. ஆள் ஒல்லிதான்.

காட்டிய இடத்தில் "இது எச்சில் கட்டி, ரானுலா" என்றார்கள். ஊசி குத்தி இழுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. "மேலே கீறி, ஓரத்தைத் தைத்துத் திறந்துவிட்டால் தானாக வற்றிவிடும், சின்ன வேலை" என்கிறார்கள். ஊசியில் எதுவும் வராத கட்டி, கீறினால் மட்டும் எப்படி வற்றும்? ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொன்மணி

வாய்ப்புண்ணோ, எச்சில் குழாய் அடைப்போ இருக்கும். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லிப் பாருங்களேன்.

முகவாய்

வாய், முகத்தாடை அறுவை சிகிச்சை என் துறை. கொப்பளிப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் இந்த வீக்கம் அதற்குக் கேட்காது. கயல்விழி, சில கேள்விகள் கேட்கிறேன். பதில் வந்தால் பாதி தெளிந்துவிடும்.

வீக்கம் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கமா? மேல்தோல் நீலம் பாய்ந்த மாதிரி, உள்ளே தண்ணீர் தெரிகிற மாதிரி இருக்கிறதா, இல்லை சாதாரண நிறத்தில் இருக்கிறதா? எப்போதாவது தானாக உடைந்து, கொழகொழவென்று வடிந்து, சுருங்கி, திரும்ப வீங்கியதுண்டா? சாப்பிடும்போது மட்டும் பெரிதாகி அப்புறம் இறங்குகிறதா? கையுறை போட்ட விரலால் அமுக்கினால் நீர்க்குமிழி மாதிரி துள்ளுகிறதா, பிசைந்த மாவு மாதிரி குழி விழுகிறதா? கடைசியாக, நாக்கை வெளியே நீட்டும்போது முகவாய்க்குக் கீழே இருக்கும் வீக்கம் மேலே ஏறுகிறதா?

அதுவரைக்கும் யாரையும் கீற விடாதீர்கள். அவசரமில்லாத கட்டி, ஸ்கேன் இல்லாமல் கை வைக்க வேண்டிய காரணமே இல்லை. ஒன்றே ஒன்று மட்டும்: காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாமல் வழிதல், வாய் திறக்க முடியாமை, மூச்சுத்திணறல், இதில் எது வந்தாலும் இந்த விவாதத்தை விட்டுவிட்டு நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். வாயின் தரையில் இருக்கும் கட்டியில் சீழ் பிடித்தால் இரண்டு பக்கமும் கழுத்துக்கு இறங்கிவிடும். லுட்விக் 1836-லேயே விவரித்த நோய் அது. இன்றும் மூச்சுப்பாதையை அடைத்து உயிரை வாங்கக்கூடியது.

கயல்விழி

நன்றி டாக்டர். இன்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம்.

சரியாக நடுவில்தான். நிறம் சாதாரணமாக இருக்கிறது, மேலே இழுத்துப் பிடித்த மாதிரி கொஞ்சம் வெளிறியிருக்கிறது. நீலம் இல்லை. உடைந்து வடிந்ததே இல்லை. சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமுக்கினால் மாவு மாதிரிதான், விரல் எடுத்த பிறகும் லேசான குழி நிற்கிறது. நாக்கை நீட்டினால் கீழ் வீக்கம் ஏறவில்லை.

முகவாய்

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ரானுலாவுக்கு முன்னால் டெர்மாய்டு வகைக் கட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ரானுலா என்பது நாக்கடி எச்சில் சுரப்பி கசிந்து, அந்த எச்சில் சளி திசுவுக்குள் தேங்குவது. அனேகமாக நடுவை விட்டு ஒரு பக்கம் தள்ளி இருக்கும். நீலச் சாயல், மெல்லிய தோல், உடைவதும் நிறைவதும் அதன் குணம். உங்கள் தம்பியின் கட்டியில் இதில் ஒன்றுகூட இல்லை.

டெர்மாய்டு கருவிலேயே விதை விழுவது. கரு மூன்று நான்கு வாரத்தில் இருக்கும்போது கீழ்த்தாடையும் வாயின் தரையும் உருவாக இரண்டு பக்கத்து வளைவுகளும் நடுவில் வந்து சேர்கின்றன. சேரும் இடத்தில் கொஞ்சம் தோல் செல்கள் உள்ளே மாட்டிக்கொள்கின்றன. தோல் வெளியே இருந்தால் என்ன செய்யுமோ அதையே உள்ளேயும் செய்கிறது: செதில் உதிர்க்கிறது, சில கட்டிகளில் எண்ணெயும் சுரக்கிறது. உதிர்ந்தது போக வழியில்லை. வருஷக்கணக்கில் சேர்ந்து பையாகிறது. பிறவிக் கட்டியாக இருந்தும் 15 முதல் 35 வயதுக்குள் வந்து காட்டுபவர்கள்தான் அதிகம், காரணம் இந்த மெதுவான வளர்ச்சிதான். அடிபட்டதாலோ பழைய அறுவையாலோ தோல் உள்ளே புதைந்து வருவதும் உண்டு.

எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு பழைய கணக்கு. மேயோ கிளினிக்கில் 25 வருஷத்தில் பார்த்த டெர்மாய்டுகளை நியூ, எரிச் என்ற இருவர் 1937-இல் தொகுத்தார்கள். உடம்பு முழுக்க 1,495 கட்டிகள். தலையிலும் கழுத்திலும் 103. அதில் வாயின் தரையில் 24 மட்டுமே. அதனால் உங்களைப் பார்த்தவர் முதலில் ரானுலா என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை, அடிக்கடி வருவது அதுதான். ஆனால் ஊசியில் ஒன்றும் வராதபோது நின்று யோசித்திருக்க வேண்டும். மெல்லிய ஊசியில் ஏறாத அளவுக்கு உள்ளே கெட்டியான பொருள் இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

உங்கள் கேள்விக்கே வருகிறேன். கீறித் திறந்துவிடும் முறை டெர்மாய்டுக்கு உதவாது. தோலுறையே உள்ளே இருக்கிறது, அது செதில் உதிர்த்துக்கொண்டேதான் இருக்கும். திறந்த வாய்க்குள் கிருமி போய்ச் சீழ் பிடிக்கும். ஒட்டிப்போய்த் தழும்பாகிவிட்ட பிறகு முழுசாக எடுக்கப் போகிறவருக்கு இரட்டிப்புக் கஷ்டம். உறையோடு முழுவதும் எடுப்பதுதான் இதற்கு வைத்தியம்.

கதிர்ப்படம்

கதிரியக்கத் துறையிலிருந்து எழுதுகிறேன். முகவாய் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். படத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் படம்தான் அறுவைக்கான வழியைத் தீர்மானிக்கிறது.

முதலில் அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு இல்லை, உடனே முடியும். நீர்க்கட்டியா, கெட்டியா, ரத்தக்குழாய்க் கட்டியா என்று ஓரளவு பிரித்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: எபிடெர்மாய்டு, அதாவது உறையில் வெறும் செதில் தோல் மட்டும் இருக்கும் டெர்மாய்டு வகை, உள்ளே செதில் நெருக்கமாக நிறைந்திருந்தால் அல்ட்ராசவுண்டில் கெட்டியான சதைக்கட்டி மாதிரியே தெரியும். அதைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது, அதே நேரம் அலட்சியமும் கூடாது. கூடவே தைராய்டு சுரப்பி அதன் இடத்தில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். நடுக்கோட்டில் வரும் சில வீக்கங்கள் இறங்காமல் மேலேயே தங்கிவிட்ட தைராய்டாக இருக்கும். சிலருக்கு உடம்பில் இருக்கும் தைராய்டே அது ஒன்றுதான்.

அப்புறம் எம்ஆர்ஐ. இதில் நான் முதலில் தேடுவது மைலோஹயாய்டு தசையை. வாய்க்குத் தரையாக இருப்பது அதுதான். முன்பக்கத்திலிருந்து வெட்டிப் பார்க்கிற கொரோனல் படத்தில் அது தெளிவாகத் தெரியும். கட்டி அதற்கு மேலே இருந்தால் நாக்கைத் தூக்கும், கீழே இருந்தால் முகவாய்க்கு அடியில் தொங்கும், பெரியதாக இருந்தால் இரண்டும் நடக்கும். உங்கள் தம்பிக்கு இரண்டும் இருக்கிறது, அதனால் வெறும் கண்ணால் பார்த்து எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது.

உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் எம்ஆர்ஐ சொல்லும். ரானுலா என்றால், நீர் வெளுப்பாகத் தெரியும் டி2 என்ற எம்ஆர்ஐ படத்தில் சுத்தமான தண்ணீர் மாதிரி பளிச்சென்று இருக்கும். அது தசையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கியிருந்தால் நாக்கடிச் சுரப்பியை நோக்கி ஒரு வால் தெரியும். டெர்மாய்டில் கொழுப்பு உருண்டைகள் மிதந்து, பைக்குள் கோலிக்குண்டு போட்டுக் கட்டியது மாதிரி இருக்கும். இந்த அடையாளத்தை வேறு எதிலும் பார்ப்பது அபூர்வம், பார்த்தால் கிட்டத்தட்ட முடிவே சொல்லிவிடலாம். எபிடெர்மாய்டில் கொழுப்பு இருக்காது, ஆனால் நீரின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தில் அது ஒளிரும், ஏனென்றால் அடர்ந்த செதிலுக்குள் நீர் மூலக்கூறுகள் நகர முடிவதில்லை. ரானுலா அப்படி ஒளிராது. எனவே எம்ஆர்ஐ சீட்டு எழுதும்போது டிஃப்யூஷனும் கொழுப்பை அடக்கும் படமும் சேர்த்துக் கேளுங்கள். வெறுமனே "கழுத்து எம்ஆர்ஐ" என்று எழுதினால் சில இடங்களில் அவை விட்டுப்போகும்.

இரண்டாமாண்டு

பல் மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். ஒரு சந்தேகம், தப்பாக நினைக்க வேண்டாம். அல்ட்ராசவுண்டும் ஊசிச் சோதனையும் இருந்தால் போதாதா? கட்டியை எப்படியும் முழுசாக எடுக்கத்தான் போகிறோம். நீண்ட பரிசோதனைப் பட்டியல் நோயாளியைத்தானே அலைக்கழிக்கும்?

முகவாய்

நியாயமான கேள்வி. சின்னக் கட்டி, தசைக்கு மேலே என்று விரலுக்கே தெளிவாகத் தெரிந்தால் நானும் அல்ட்ராசவுண்டோடு நிறுத்தியிருக்கிறேன். இங்கே நிலைமை வேறு. வீக்கம் வாயிலும் தெரிகிறது, கழுத்திலும் தெரிகிறது, படுத்தால் மூச்சு சத்தம் வருகிறது. எந்தப் பக்கமிருந்து போவது என்று தெரியாமல் மேஜையில் படுக்க வைக்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு, அதை நீங்கள் தேர்வுக்காக இல்லாமல் வாழ்நாளுக்கும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாக்கடிச் சுரப்பியில் கட்டி வருவதே அரிது, வந்தால் அதில் பெரும்பான்மை புற்றுநோய். முகத்துப் பக்கம் இருக்கும் பரோட்டிட் சுரப்பியில் கணக்கு நேர்மாறு, அங்கே பெரும்பான்மை சாதுவான கட்டிகள். அதனால் வாயின் தரையில் ஒரு பக்கமாக, கெட்டியாக, அசையாமல் இருக்கும் எதையும், நாக்கு மரத்துப்போவதோடு வரும் எதையும், "ரானுலாதான்" என்று கையால் மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

நுண்ணோக்கி

நோய்க்குறியியல். ஊசிச் சோதனையைப் பற்றி நான் சொல்லலாம்.

எஃப்என்ஏசி, அதாவது மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்ப்பது, உதவும், ஆனால் ஸ்கேனுக்கு அப்புறம். ரத்தக்குழாய்க் கட்டி என்று தெரியாமல் குத்தினால் வாயின் தரையில் ரத்தம் கட்டி நாக்கை மேலே தள்ளிவிடும். அது இல்லை என்று தெரிந்த பிறகு, கொஞ்சம் பருமனான ஊசியால் எடுத்தால் டெர்மாய்டு வகையில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பசை வரும். ஸ்லைடில் உட்கரு இல்லாத செதில்கள் குவியலாக இருக்கும். ரானுலாவில் இழையிழையாகச் சளியும் அதைத் தின்கிற செல்களும் இருக்கும். அந்த நீரை அமைலேஸ் (எச்சிலில் இருக்கும் நொதி) சோதனைக்கு அனுப்பினால் அளவு உயர்ந்திருக்கும், எச்சில் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் ஊசி, கட்டியின் சுவரைச் சொல்லாது. பெயர் வைப்பதே சுவரைப் பார்த்துத்தான். மேயர் 1955-இல் வகுத்த பிரிவைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம். சுவரில் வெறும் செதில் தோல் மட்டும் இருந்தால் எபிடெர்மாய்டு. அதோடு மயிர்க்கால், எண்ணெய்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி இருந்தால் டெர்மாய்டு. தசை, குருத்தெலும்பு, குடல் அல்லது மூச்சுக்குழல் உறை என்று மற்ற அடுக்குகளிலிருந்து வந்ததும் கலந்திருந்தால் டெரடாய்டு, மூன்றிலும் மிக அரிது இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அறுவை செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டியின் ஒரு மூலையை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். ஒரு கட்டியில் நான் பார்த்த முதல் துண்டுகள் எல்லாம் வெறும் செதில் தோல். எபிடெர்மாய்டு என்று எழுதப் போனவள், சுவர் ஓரிடத்தில் தடித்திருந்ததால் அங்கிருந்து இன்னும் துண்டுகள் எடுத்துப் பார்த்தேன். அந்தத் தடிப்பில் மட்டும் எண்ணெய்ச் சுரப்பிகள் கொத்தாக இருந்தன. முழு உறையும் கைக்கு வந்தால்தான் இப்படித் தேட முடியும். புற்றாக மாறியதாக மிகச் சில பதிவுகளே உண்டு, அவற்றைப் பிடிக்கவும் இதுதான் வழி.

அகல்

எனக்கு வந்தது நிஜமாகவே ரானுலா. கயல்விழியின் விவரத்துக்கு நேர் எதிராக இருந்ததால் எழுதுகிறேன். இடது பக்கம், நீல நிறம். சாப்பிடும்போது பல் பட்டு உடையும், வாயெல்லாம் வழவழவென்று ஆகும், சரியாகிவிட்டது என்று நினைப்பேன், திரும்ப வந்துவிடும். ஊசியில் எடுத்தார்கள், வந்தது. கீறித் திறந்தார்கள், அப்புறமும் வந்தது. கடைசியில் வேறொரு அறுவை மருத்துவர் நாக்கடிச் சுரப்பியையே எடுத்தார். அதற்குப் பிறகு வரவில்லை. நாக்கின் ஒரு பக்கம் கொஞ்ச காலம் மரத்திருந்தது, பிறகு தெளிந்தது.

எச்சில் குறைந்துவிடுமோ என்று பயந்தேன். மீதிச் சுரப்பிகளே போதுமாக இருக்கிறது, வாய் வறளவில்லை.

முகவாய்

அகல் சொன்னதை யாரும் தவற விட வேண்டாம். ரானுலாவில் பையை விரட்டுவதில் பயனில்லை, கசிகிற சுரப்பியை எடுக்க வேண்டும். அந்தப் பைக்கு உண்மையான உறையே கிடையாது. டெர்மாய்டில் சுரப்பிக்குப் பங்கே இல்லை, உறையை எடுக்க வேண்டும். ஒன்றுக்கு செய்வதை இன்னொன்றுக்கு செய்தால் இரண்டுமே திரும்பும். இதனால்தான் முன்கூட்டியே பிரித்தறிவதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

யாழினி அம்மா

என் மகளுக்குப் பிறந்த கொஞ்ச நாளில் நாக்குக்கு அடியில் கட்டி இருப்பது தெரிந்தது. பால் குடிக்கும்போது வாய் ஒட்டாமல் வழுக்கிவிடும். அவளுக்கும் ரானுலா என்றுதான் முதலில் சொன்னார்கள். எடுத்துப் பரிசோதித்தபோது உள்ளே இரைப்பையின் உறை இருந்ததாம். வாய்க்குள் எப்படி இரைப்பை என்று கேட்டு அழுதேன். இப்போது நன்றாக இருக்கிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். இங்கே இருக்கும் டாக்டர்கள் யாராவது இது ஏன் வருகிறது என்று சொன்னால் மற்ற அம்மாக்களுக்கும் உதவும்.

காதுமூக்கு

காது, மூக்கு, தொண்டை. அம்மா, உங்கள் குழந்தைக்கு வந்தது இரைப்பை அல்லது குடல் உறையுள்ள பிறவிக் கட்டி, முன்குடல் இரட்டிப்பு என்றும் சொல்வோம். கருவில் நாக்கு உருவாகிற இடமும் உணவுக்குழல் உருவாகிற முன்குடலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அங்கிருந்து சில செல்கள் நாக்கின் மொட்டுக்குள் சிக்கிக்கொண்டதால் வந்தது என்பதுதான் பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம். கர்ப்ப காலத்தில் நீங்கள் செய்ததாலோ செய்யாததாலோ வந்ததல்ல, அந்த எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். முழுசாக எடுத்துவிட்டால் திரும்புவது அபூர்வம்.

குழந்தைகளில் இன்னும் இரண்டு சாத்தியம் உண்டு. ஒன்று நிணநீர்க் குழாய்க் கட்டி. தசைகளுக்குள் ஊடுருவிப் படர்ந்திருக்கும், சளி பிடித்தால் திடீரென்று பெருக்கும். அதை முழுக்க வெட்டியெடுக்கப் போனால் நரம்புகள் போகும், அதனால் மருந்து ஏற்றிச் சுருக்குவதும் சிலருக்கு சிரோலிமஸ் கொடுப்பதும் உண்டு. இன்னொன்று பிறவி ரானுலா. பால் குடிப்பதிலும் மூச்சிலும் தொந்தரவு இல்லையென்றால் சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம், தானாகவே வடிந்து போவது உண்டு.

வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேனில் பெரிய கட்டி தெரிந்தால் பிரசவத்தையே வேறு மாதிரி திட்டமிடுவார்கள். தலையும் தோளும் வெளியே வந்த நிலையில், தொப்புள்கொடி வழியாக ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழந்தையின் மூச்சுக்குழாயில் டியூப் போட்டுவிடுவார்கள். எக்ஸிட் என்று பெயர்.

சுவாசப்பாதை

மயக்க மருந்துத் துறை. கயல்விழி, நீங்கள் முதல் பதிவில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன குறட்டை எனக்கு மிக முக்கியம். மல்லாந்து படுக்க முடிகிறதா, தூக்கத்தில் திணறி எழுந்திருக்கிறானா, எத்தனை தலையணை வைக்கிறான், இதையெல்லாம் மயக்க மருத்துவரிடம் அறுவைக்கு முன்னாடியே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கக் காத்திருக்காதீர்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், விழித்திருக்கும்போது நாக்கைத் தாங்கிப் பிடித்திருப்பது தசை. மயக்க மருந்து ஏறியதும் அந்தப் பிடி போய்விடும், கட்டியோடு நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை மூடிவிடும். வாய் வழியாக லாரிங்கோஸ்கோப் (குரல்வளையைப் பார்க்கும் கருவி) வைக்கவும் இடம் இருக்காது, ஏனென்றால் நாக்கை ஒதுக்க வேண்டிய இடத்தில் கட்டி உட்கார்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட ஆளை முதலில் மயக்கிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கவே கூடாது. உட்கார வைத்து, மூக்கையும் தொண்டையையும் மரக்க வைத்து, விழிப்போடு இருக்கும்போதே மூக்கு வழியாக ஃபைபர் ஆப்டிக் கருவியின் மேல் டியூபை ஏற்றிவிடுவோம். டியூப் சரியான இடத்தில் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் தூங்க வைப்போம். கழுத்தில் துளை போட அறுவைக் குழு கைகழுவித் தயாராகப் பக்கத்திலேயே நிற்கும். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் நன்றாக மரக்க வைத்துப் பொறுமையாகச் செய்தால் தாங்கிக்கொள்ளலாம். உங்கள் தம்பியிடம் முன்பே விளக்கிச் சொல்லி வையுங்கள், தெரிந்தவர்கள் நன்றாக ஒத்துழைக்கிறார்கள்.

முடிந்த பிறகும் அவசரப்பட்டு டியூபை எடுக்க மாட்டோம். நாக்கடி வீக்கம் அறுவைக்குப் பிறகு கூடும். ஒரு இரவு டியூபோடு வைத்திருந்தால் ஏதோ தப்பாகிவிட்டது என்று பதற வேண்டாம்.

கயல்விழி

எல்லோருக்கும் நன்றி. வேறு மருத்துவமனைக்கு மாற்றிவிட்டோம். எம்ஆர்ஐ வந்துவிட்டது. அறிக்கையில் இருப்பதை அப்படியே சொல்கிறேன்: நடுக்கோட்டில், ஜெனியோகுளோசஸ் (நாக்கின்) தசைகளுக்கு நடுவே, 5.5 செ.மீ. அளவில் ஒற்றைப் பை. மெல்லிய சுவர். கொழுப்பு இல்லை. டிஃப்யூஷன் தடைபட்டிருக்கிறது. மைலோஹயாய்டு தசைக்கு மேலே இருக்கிறது, தசையைக் கீழே அழுத்தியிருக்கிறது. நாக்கடிச் சுரப்பிகள் தனியாகத் தெரிகின்றன. தைராய்டு இடத்தில் இருக்கிறது. எபிடெர்மாய்டு என்று போட்டிருக்கிறார்கள்.

இப்போது வாய் வழியாக எடுப்பதா, கழுத்து வழியாகவா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். எது நல்லது?

கதிர்ப்படம்

முகவாய்க்குக் கீழே தெரிந்தது கட்டியின் தனிப் பகுதி இல்லை, தசை கீழே தள்ளப்பட்டதுதான் என்று இப்போது தெளிவாகிவிட்டது. படத்தைச் சிடியில் வாங்கி அறுவை மருத்துவரிடம் கொடுங்கள், அறிக்கைத்தாள் மட்டும் போதாது.

காதுமூக்கு

நானாக இருந்தால் கழுத்து வழிதான். 5.5 செ.மீ. சின்னது இல்லை. வெளியிலிருந்து போனால் முழுதும் கண்ணுக்குத் தெரியும், கிருமி குறைவு, உறை கிழியாமல் வரும். முகவாய்க்கு அடியில் மடிப்போடு போகும் தழும்பு கொஞ்ச காலத்தில் மங்கிவிடும்.

முகவாய்

இந்த ஒரு இடத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கட்டி தசைக்கு மேலே இருக்கிறது. கழுத்து வழியாகப் போனால் நன்றாக இருக்கும் மைலோஹயாய்டைப் பிளந்துகொண்டு போக வேண்டும். வாய் வழியில் நடுக்கோட்டில் சளிச்சவ்வைத் திறந்தால் அடுத்த அடுக்கிலேயே உறை. இரண்டு பக்கமும் வார்டன் குழாய்களுக்குள் (தாடையடிச் சுரப்பியின் எச்சிலை வாய்க்குக் கொண்டுவருபவை) மெல்லிய கம்பியை விட்டு வைத்துக்கொண்டால் அவை எங்கே போகின்றன என்று எப்போதும் தெரியும். நாக்கு நரம்பு பக்கவாட்டில் இருக்கிறது, நடுவிலேயே இருந்தால் அதற்குப் பக்கமே போக வேண்டியதில்லை. சீழ் பிடிக்காத கட்டி என்றால் உறையைச் சுற்றி விரலாலேயே பிரிக்கலாம், அவ்வளவு சுலபமாக விடும். கத்தி தேவைப்படுவது கடைசியில், முன்பக்கம் தாடை எலும்பின் உள்முனையிலோ பின்பக்கம் ஹயாய்டு எலும்புப் பக்கமோ ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும்.

பெரிதாக இருந்து வெளியே வர மறுத்தால் ஒரு வழி இருக்கிறது. முக்கால்வாசி பிரித்த பிறகு, சுற்றிலும் துணியால் மூடி, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டு, துளையைத் தைத்து மூடிவிட்டு இழுத்தால் சுருங்கி வந்துவிடும். உள்ளே இருப்பது சிந்தினால் திசுவை எரிச்சல்படுத்தும், அதனால் நன்றாகக் கழுவ வேண்டும்.

6 செ.மீ.க்கு மேல், அல்லது தசைக்குக் கீழே, அல்லது சீழ் பிடித்து ஒட்டியது என்றால் கழுத்து வழியை நானே சொல்வேன்.

காதுமூக்கு

தசைக்கு மேலே என்று படம் சொல்வதால் உங்கள் வாதம் சரிதான். ஆனால் வாய் எவ்வளவு திறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூன்று விரல் நுழையவில்லை என்றால் வாய் வழியில் திண்டாட்டம். கழுத்து வழிக்கும் சேர்த்தே சம்மதம் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது. கயல்விழி, கையெழுத்துப் போடும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கயல்விழி

அறுவை முடிந்தது. வாய் வழியாகவே எடுத்துவிட்டார்கள், உறை கிழியவில்லை என்றார்கள். சுவாசப்பாதை சொன்ன மாதிரியே விழிப்பில் டியூப் போட்டார்கள். "மூக்கில் அழுத்தம் தெரிந்தது, வலி இல்லை" என்கிறான். ஒரு இரவு ஐசியூவில் வைத்திருந்தார்கள். எடுத்ததை எங்களுக்குக் காட்டினார்கள், மங்கலான வெள்ளையில் வழுவழுப்பான பை. திசு அறிக்கையில் எபிடெர்மாய்டு, மயிர்க்காலோ சுரப்பியோ இல்லை, புற்று இல்லை என்று வந்திருக்கிறது.

இப்போது நாக்கு நுனியில் லேசான மரப்பு இருக்கிறது. முகவாய்க்கு அடியில் சாப்பிடும்போது மட்டும் இரண்டு பக்கமும் கொஞ்சம் இறுகுகிறது. கவலைப்பட வேண்டுமா?

முகவாய்

முழு உறையோடு வந்தது நல்ல செய்தி. நாக்கு நுனி மரப்பு நரம்பு இழுபட்டதால் வருவது, வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தெளிவதுதான் வழக்கம். சூடான பானத்தை மட்டும் கவனமாகக் குடிக்கச் சொல்லுங்கள், சுடுவது தெரியாமல் போகலாம்.

சாப்பிடும்போது இறுகுவதை அடுத்த முறை போகும்போது கட்டாயம் சொல்லுங்கள். வார்டன் குழாயின் வாயில் வீக்கம் இருந்தால் எச்சில் வெளியேறத் தாமதமாகி இப்படி ஆகும். வீக்கம் வற்றினால் போய்விடும். நாக்குக்கு அடியில் இரண்டு சின்னத் துவாரங்களிலும் எச்சில் வருகிறதா என்று சுரப்பியை மெதுவாக நீவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். நாளாக ஆக வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ, அமுக்கினால் வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அந்த முறைவரை காத்திருக்க வேண்டாம்.

சுவாசப்பாதை

குறட்டை எப்படி இருக்கிறது?

கயல்விழி

இல்லை டாக்டர். மல்லாந்தே தூங்குகிறான்.

நுண்ணோக்கி

அறிக்கையின் பிரதி ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கயல்விழி. முழுசாக எடுத்த எபிடெர்மாய்டு திரும்புவது அரிது, ஆனால் எப்போதாவது அதே இடத்தில் ஏதாவது தட்டுப்பட்டால் பார்க்கிறவர் முதலில் கேட்பது அதைத்தான். எம்ஆர்ஐ சிடியையும் அதனுடனே வையுங்கள்.